நூற்று அறுபத்திரண்டின் பிறப்பும் பிழைப்பும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஆரம்பித்து செப்டம்பர் முடிவு வரை, ஏறக்குறைய 186 நாளுக்குள் 162 ஆட்டம். வாரத்துக்கு ஆறு நாள் ஆட்டம். சில வாரம் ஏழு நாளும் உண்டு. ஐபிஎல்லில் ஓர் அணி லீக் சுற்றின் 14 ஆட்டங்களை முடிப்பதற்குள் வீரர்கள் களைத்துவிட்டார்கள் என்று இங்கே பேச்சு கிளம்பிவிடும். அங்கே அதைவிட அதிகமான ஆட்டங்களை முதல் மூன்று வாரத்திலேயே ஆடிவிட்டு, சீசன் இன்னும் சூடுபிடிக்கவில்லை என்பார்கள்.

இத்தனை ஆட்டம் எதற்கு என்பது ஒரு கேள்வி. அதைவிட எனக்குச் சுவையாகப் படுவது இன்னொன்று: அது ஏன் சரியாக 162? 150 என்றோ 160 என்றோ முழுதாக வைத்திருக்கலாமே. ரசிகர்களில் பலர் அந்த எண்ணை சாஸ்திரத்தில் எழுதி வைத்த ஒன்றைப் போல மதிக்கிறார்கள். உண்மையில் அது, ஒரு வகுத்தல் கணக்கில் மீதி விழக்கூடாது என்பதற்காகப் பிறந்த எண். பிறந்த காரணம் எட்டே ஆண்டில் காலாவதியாகிவிட்டது. எண் மட்டும் அறுபது ஆண்டுக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை அசைக்காமல் இருப்பதற்காக லீக்கின் அமைப்பையே எத்தனையோ முறை வளைத்து நெளித்திருக்கிறார்கள்.

கதை தொடங்கும்போது சீசன் என்று ஒன்று கிடையாது. 1871 முதல் 1875 வரை நடந்த தேசியச் சங்கத்தின் காலத்தில், எந்த அணியோடு எப்போது ஆடுவது என்பதை அணிகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டன. கூட்டம் வரும் என்றால் ஆடுவார்கள். தோற்று, கையில் காசும் தீர்ந்துவிட்டால் மிச்ச ஆட்டங்களைக் கைவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். யார் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதே ஆளுக்கு ஆள் வேறுபட்டது. சிகாகோ அணியின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட்டுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. 1876 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஒரு ஹோட்டலில் மற்ற அணி முதலாளிகளைக் கூட்டி நேஷனல் லீக்கைத் தொடங்கினார். எட்டு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு பத்துப் பத்து ஆட்டம், ஆக 70.

எழுபதுதான், ஆனாலும் எல்லோரும் ஆடி முடிக்கவில்லை. சாம்பியனான சிகாகோவே 52 வெற்றி, 14 தோல்வி என்று 66 ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. சீசன் முடியும் தறுவாயில் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியும் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியும் மேற்கே போகும் கடைசிப் பயணத்துக்கு வர முடியாது என்று கையை விரித்தன. ரயில் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம். நாட்டின் இரண்டு பெரிய நகரங்களின் அணிகள் அவை. ஹல்பர்ட் தயங்கவில்லை, இரண்டையும் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார். அடுத்த ஆண்டு ஆறு அணிதான் மிஞ்சியது. ஆட்டங்களும் அறுபதாகக் குறைந்தன. ஆனால் 1877இல் ஒரு மாற்றம் நடந்தது: எந்தத் தேதியில் எந்த ஊரில் யாரோடு யார் என்று லீக்கே மொத்த அட்டவணையையும் போட்டுக் கொடுத்தது. பேஸ்பால் சீசன் பிறந்த ஆண்டு எது என்று கேட்டால் நான் 1876ஐச் சொல்லமாட்டேன், இந்த 1877ஐத்தான் சொல்வேன்.

அதன்பின் எண் வளர ஆரம்பித்தது. 1879இல் 84, 1884இல் 112, 1888இல் 140. ரயில் பாதைகள் பெருகின, நுழைவுச்சீட்டு வசூல் பெருகியது, முதலாளிகளின் ஆசையும் பெருகியது. 1892இல் பன்னிரண்டு அணிகள் ஒரே லீக்கில் சேர்ந்தபோது 154 முதல்முறையாக எட்டிப் பார்த்தது: பதினோரு எதிரணிகள், ஆளுக்குப் பதினான்கு ஆட்டம். அடுத்த ஆண்டே ஆளுக்குப் பன்னிரண்டாகக் குறைந்து 132 ஆனது. 1898இல் திரும்பவும் 154.

இந்தப் பன்னிரண்டு அணி ஏற்பாடு எவ்வளவு மோசமாகப் போகக்கூடும் என்பதற்கு 1899இன் கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் போதும். அதன் முதலாளிகளே செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கிளீவ்லாண்டில் ஆளே வரவில்லை. வசூலில் தங்களுக்கு வரும் பங்கு ரயில் கட்டணத்துக்குக்கூடப் போதவில்லை என்று மற்ற அணிகள் அங்கே வர மறுத்தன. அதனால் ஸ்பைடர்ஸ் ஊர் ஊராக அலைந்தது. 154 ஆட்டத்தில் 112 வெளியூரில். அவற்றில் 101இல் தோல்வி. மொத்தத்தில் 20 வெற்றி, 134 தோல்வி. அந்த அணியை அதோடு மூடிவிட்டார்கள். நேஷனல் லீக் எட்டு அணியாகச் சுருங்கியது.

1901இல் அமெரிக்கன் லீக் என்று ஒரு போட்டி லீக் சமமாக எழுந்து நின்றது. அதுவும் எட்டு அணி. 1904இல் இரண்டு லீக்கும் ஒரே கணக்குக்கு வந்தன: ஏழு எதிரணிகள், ஆளுக்கு இருபத்திரண்டு ஆட்டம், 154. சொந்த ஊரில் பதினொன்று, எதிராளி ஊரில் பதினொன்று. இதைவிடக் கச்சிதமான அட்டவணை பேஸ்பாலில் அதற்குப் பிறகு அமையவில்லை என்று சொல்லலாம். எல்லோரும் எல்லோருடனும் சரிசமமாக ஆடினார்கள். முதலிடத்தில் வந்தவர் எளிதான எதிரிகளோடு ஆடி வந்துவிட்டார் என்று யாரும் முணுமுணுக்க வழியில்லை. இரண்டு லீக்கின் முதலிடத்தாரும் அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸில் மோதினார்கள், கதை முடிந்தது. அரையிறுதி, கால்இறுதி எதுவும் கிடையாது.

1903 முதல் 1952 வரை, ஐம்பது ஆண்டு, பதினாறு அணிகளில் ஒன்றுகூட ஊர் மாறவில்லை. பதினாறும் பத்தே நகரங்களில் இருந்தன. கிழக்கே பாஸ்டன், மேற்கே செயின்ட் லூயிஸ். அதற்கு மேற்கே மேஜர் லீக் கிடையாது. எல்லாம் ரயிலில் ஓரிரவுப் பயணம், அதிகம் போனால் ஒரு நாள். அட்டவணையின் வடிவத்தை ரயில் தீர்மானித்தது. மிச்சத்தை மதம் தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமையில் காசு வாங்கி விளையாட்டு காட்டக்கூடாது என்ற சட்டம் பல மாநிலங்களில் இருந்தது. நியூயார்க்கில் அது 1919இல்தான் தளர்ந்தது. பென்சில்வேனியாவில் 1934இல்தான் பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் சட்டப்படி ஞாயிறு ஆட்டம் பார்த்தன. அதுவரைக்கும் சனிக்கிழமை சொந்த ஊரில் ஆடிவிட்டு, இரவோடு இரவாக ரயிலேறி, ஞாயிறு ஆட்டத்துக்கு அனுமதியுள்ள ஊருக்குப் போய் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, திங்கட்கிழமை திரும்பி வருவதெல்லாம் நடந்திருக்கிறது.

கச்சிதமான அட்டவணைக்கும் ஒரு பகைவன் உண்டு, மழை. 1908இல் அமெரிக்கன் லீக்கில் டெட்ராய்ட் 90 வெற்றி, 63 தோல்வி; கிளீவ்லாண்ட் 90 வெற்றி, 64 தோல்வி. டெட்ராய்ட்டின் ஒரு ஆட்டம் மழையில் போனது, திரும்ப ஆடவில்லை. அந்த ஆடாத ஆட்டத்தின் புண்ணியத்தில் அரை ஆட்ட வித்தியாசத்தில் டெட்ராய்ட் சாம்பியன். சாம்பியனைத் தீர்மானிக்கக்கூடிய ஆட்டம் நின்றுபோனால் அதை ஆடித்தான் ஆகவேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. கிளீவ்லாண்ட்காரர்களுக்கு அதனால் என்ன பயன்?

இனி 162க்கு வருவோம். 1950களில் விமானம் வந்தது. 1958இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், நியூயார்க் ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் குடிபெயர்ந்தன. எங்களுக்கும் அணி வேண்டும் என்று மற்ற நகரங்கள் கேட்டன. கான்டினென்டல் லீக் என்ற மூன்றாவது லீக் ஒன்றைத் தொடங்குவோம் என்று சிலர் பயமுறுத்தவும், மேஜர் லீக்குகள் இறங்கி வந்தன. அமெரிக்கன் லீக் 1961இலும் நேஷனல் லீக் 1962இலும் இரண்டிரண்டு அணிகளைச் சேர்த்துக்கொண்டன. எட்டு இப்போது பத்து. ஏழு எதிரணி இப்போது ஒன்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையபடி ஆளுக்கு 22 ஆட்டம் என்றால் 198. பனி விழும் வரை ஆடினாலும் முடியாது. 154ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி விழுகிறது. ஆளுக்கு 17 என்றால் 153, பழைய எண்ணுக்கு ஒன்றே ஒன்று குறைவு. ஆனால் 17ஐச் சொந்த ஊர், வெளியூர் என்று சரிபாதியாகப் பிரிக்க முடியாது. ஒருவருக்கு ஓர் ஆட்ட வசூல் அதிகம் போகும், அதை எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்? மிஞ்சியது இரண்டு வழி. ஒன்பது பதினாறு 144. ஒன்பது பதினெட்டு 162. குறைத்தால் ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் ஐந்து நாள் வசூல் போகும். கூட்டினால் நான்கு நாள் வசூல் வரும். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

பிறந்த ஆண்டிலேயே இந்த எண் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டது. 1961இல் நியூயார்க் யாங்கீஸின் ரோஜர் மாரிஸ், ஒரே சீசனில் 60 ஹோம் ரன் என்ற பேப் ரூத்தின் 1927 சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தார். ரூத்துக்குக் கிடைத்தது 154 ஆட்ட சீசன், மாரிஸுக்கு 162. ஜூலையில் கமிஷனர் ஃபோர்டு ஃப்ரிக் ஒரு தீர்ப்புச் சொன்னார்: முதல் 154 ஆட்டத்துக்குள் முறியடித்தால்தான் சாதனை முறிந்ததாகும், அதற்குப் பிறகு என்றால் பதிவேட்டில் தனியாகக் குறிப்பிடப்படும். ஃப்ரிக் பத்திரிகையாளராக இருந்த காலத்தில் ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர். இருவரும் நண்பர்கள். ஊரே சிரித்தது, ஆனால் தீர்ப்பு நின்றது.

அதனால் மாரிஸுக்கு அந்த சீசனில் இரண்டு முடிவுகள். செப்டம்பர் 20, 154ஆவது ஆட்டம், இடம் பால்டிமோர், ரூத் பிறந்த ஊரேதான். அன்று ஒரு ஹோம் ரன் அடித்தார், மொத்தம் 59. ஒன்று போதவில்லை. 60ஆவது ஆறு நாள் கழித்து வந்தது. 61ஆவது அக்டோபர் 1 அன்று, சீசனின் கடைசி நாளில், பாஸ்டனின் டிரேசி ஸ்டாலார்டு எறிந்த பந்தில். யாங்கீ ஸ்டேடியத்தில் கட்டணம் செலுத்தி வந்திருந்தவர்கள் 23,154 பேர். வரலாற்றுச் சாதனை முறியும் நாளில் அரங்கத்தில் பாதிக்கு மேல் காலி. கமிஷனர்தான் பத்து நாளுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாரே. வந்தவர்களின் எண்ணிக்கையிலும் அந்த 154 கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஆனாலும் ரசிக்கிறேன். இரண்டு சாதனையையும் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1991இல்தான் அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள். மாரிஸ் 1985இலேயே இறந்துபோயிருந்தார்.

ஒன்பது பதினெட்டு என்ற கணக்கு 1968 வரைதான் ஓடியது. 1969இல் மேலும் நான்கு அணிகள் சேர்ந்து, லீக்குக்குப் பன்னிரண்டு ஆயின. பதினோரு எதிரணிகளுக்கு 162 சமமாகப் பிரியாது. இங்கேதான் எண் பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு லீக்கையும் கிழக்கு, மேற்கு என்று ஆறு ஆறு அணிகள் கொண்ட இரண்டு டிவிஷனாக வெட்டினார்கள். சொந்த டிவிஷனின் ஐந்து அணிகளோடு 18 ஆட்டம் வீதம் 90. அடுத்த டிவிஷனின் ஆறு அணிகளோடு 12 வீதம் 72. கூட்டினால் 162, மீதி இல்லை! இந்தக் கணக்கை முதலில் போட்டவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு வந்தவை இவ்வளவு அழகில்லை. 1977இல் அமெரிக்கன் லீக் மட்டும் பதினான்கு அணியானது. 1979 முதல் சொந்த டிவிஷனோடு 13 வீதம் 78, எதிர் டிவிஷனோடு 12 வீதம் 84 என்று கூட்டி 162 வர வைத்தார்கள்; பக்கத்து ஊர் எதிரியோடும் தூரத்து ஊர்க்காரனோடும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆட்டம். 1998இல் மொத்தம் முப்பது அணி. லீக்குக்குப் பதினைந்து என்று பிரிப்பதுதானே நியாயம்? பதினைந்து ஒற்றைப்படை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு லீக்கிலும் ஓர் அணி ஜோடியில்லாமல் நிற்கும். அதனால் மில்வாக்கி அணியை நேஷனல் லீக்குக்கு மாற்றி, ஒரு பக்கம் 16, மறுபக்கம் 14 என்று பதினைந்து ஆண்டு ஓட்டினார்கள். ஒரு டிவிஷனில் ஆறு அணி, இன்னொன்றில் நான்கு. நான்கில் முதலாவதாக வருவதும் ஆறில் முதலாவதாக வருவதும் ஒன்றா என்று ஹூஸ்டன்காரர்கள் கேட்டிருந்தால் தப்பில்லை, அவர்கள் ஆறில் இருந்தவர்கள். 2013இல் அந்த ஹூஸ்டன் அணியையே அமெரிக்கன் லீக்குக்கு அனுப்பி இரண்டையும் பதினைந்தாக்கினார்கள். ஜோடியில்லாமல் நிற்கும் அணிக்கு எதிர் லீக்கிலிருந்து ஜோடி. 1996 வரை வேர்ல்ட் சீரிஸில் மட்டும் சந்தித்துக்கொண்ட இரண்டு லீக்குகளும் இப்போது சீசன் முழுக்க மோதிக்கொள்கின்றன.

2023இல் வந்த அமைப்பு இப்படி: சொந்த டிவிஷனின் நான்கு அணிகளோடு 13 வீதம் 52. லீக்கின் மற்ற பத்து அணிகளில் நான்கோடு ஏழு, ஆறோடு ஆறு, ஆக 64. எதிர் லீக்கின் பதினைந்தில் பரம எதிரி என்று குறிக்கப்பட்ட ஒன்றோடு நான்கு, மிச்சம் பதினாலோடு மூன்று வீதம் 42, ஆக 46. 52, 64, 46. கூட்டுங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளையும் ஒரே சீசனில் சந்திப்பது அதுவே முதல்முறை.

எண்ணைப் பிரிப்பது ஒரு வேலை. அதை நாட்களில் உட்கார வைப்பது வேறு வேலை. முப்பது அணி, ஆளுக்கு 162, ஆக மொத்தம் 2,430 ஆட்டம். ஒரே எதிரணியோடு தொடர்ந்து மூன்று நாளோ நான்கு நாளோ ஆடும் தொகுப்பைத்தான் சீரிஸ் என்கிறார்கள். ஓர் அணிக்கு ஏறக்குறைய 52 சீரிஸ். வெள்ளி, சனி, ஞாயிறு ஒன்று; வாரத்தின் நடுவில் ஒன்று. நடு வார சீரிஸின் கடைசி ஆட்டத்தைப் பல ஊர்களில் பகலிலேயே வைத்துவிடுவார்கள். அதற்கு கெட்அவே டே என்று பெயர். காலையிலேயே ஹோட்டல் அறையைக் காலி செய்து, பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு, ஆடி முடித்து, குளித்து, நேரே விமானம். நள்ளிரவில் அடுத்த ஊர். ஓய்வு நாள் இல்லாமல் தொடர்ந்து இருபது நாளுக்கு மேல் ஆட வைக்கக்கூடாது என்பது வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம். அந்த இருபதை நெருங்கும் வாரங்களும் வரும்.

1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை இந்த 2,430ஐயும் அதற்கு முந்தைய சிறிய அட்டவணைகளையும் போட்டுக் கொடுத்தவர்கள் ஒரு கணவன் மனைவி: ஹென்றி ஸ்டீஃபன்சன், ஹாலி ஸ்டீஃபன்சன். கம்ப்யூட்டர் ஒரு பக்கம், அவர்கள் அனுபவம் ஒரு பக்கம். முப்பது முதலாளிகளின் குறைகளும் அந்த வீட்டு வாசலில்தான் வந்து விழும். எங்களுக்கு ஏன் ஏப்ரலில் குளிர் நாளாகக் கொடுத்தீர்கள், ஜூலை 4 விடுமுறையில் ஏன் எங்களை வெளியூருக்கு அனுப்பினீர்கள் என்று. மைதானத்தில் வேறு நிகழ்ச்சி இருந்தால் அதற்கும் இடம் விடவேண்டும். 1992இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோமைக் குடியரசுக் கட்சியின் மாநாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அணி 28 நாள் வீடு திரும்பாமல் 26 ஆட்டம் வெளியூரில் ஆடியது. 12 வெற்றி, 14 தோல்வி, மோசமில்லை. 2005 முதல் கணித நிபுணர்கள் அடங்கிய ஒரு சிறு நிறுவனம் அந்த வேலையைத் தம்பதியிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஆனால் கணிதத்தால் வானிலையை என்ன செய்ய முடியும்? 2007 ஏப்ரலில் கிளீவ்லாண்டில் பனி கொட்டித் தீர்த்தது. அங்கே நடக்கவேண்டிய சொந்த ஊர் ஆட்டங்களைக் கூரை போட்ட மைதானம் உள்ள மில்வாக்கிக்குக் கொண்டுபோய் ஆடினார்கள்.

இத்தனை பாடு எதற்கு என்ற முதல் கேள்வியை இப்போது எடுக்கலாம். பேஸ்பாலில் ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவை நம்ப முடியாது. மிகச் சிறந்த அணியும் பத்தில் நான்கு தோற்கும். படு மோசமான அணியும் பத்தில் மூன்று நான்கு ஜெயிக்கும். நாணயம் சுண்டுவதுபோல ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்புள்ள ஓர் அணி 14 ஆட்டம் ஆடினால், அதிர்ஷ்டம் மட்டுமே அதை ஐந்து வெற்றிக்கோ ஒன்பது வெற்றிக்கோ சர்வசாதாரணமாகத் தள்ளும். ஒன்பதென்றால் அது சிறந்த அணி, ஐந்தென்றால் உதவாத அணி என்று நாம் பேசிக்கொண்டிருப்போம். 162 ஆட்டத்தில் அதே அதிர்ஷ்டம் ஆறு ஆட்டம் இப்படியோ அப்படியோ தள்ளும். 81 என்பது 75க்கும் 87க்கும் நடுவில்தான் பெரும்பாலும் நிற்கும். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றதை யாரும் துரதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை.

ஆட்டக்காரர்களின் உடம்பும் அந்த அளவுக்கே வெட்டித் தைக்கப்பட்டது. தொடங்கி எறியும் பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார், சீசனுக்கு 32 அல்லது 33 முறை. மற்றவர்களுக்கு நாள்தோறும் வேலை. பால்டிமோரின் கால் ரிப்கன் 1982 மே முதல் 1998 செப்டம்பர் வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடினார். இன்றைக்கு முழு 162ஐயும் ஆடுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எண் அறுந்த ஆண்டுகளும் உண்டு. 1972இல் வேலைநிறுத்தத்தால் ஏப்ரலில் சில நாள் போயின, போனவற்றைத் திரும்ப ஆடவேண்டாம் என்று முடிவானது. டெட்ராய்ட் 86 வெற்றி, 70 தோல்வி. பாஸ்டன் 85 வெற்றி, 70 தோல்வி. அரை ஆட்டத்தில் மறுபடி டெட்ராய்ட்! 1908இன் சாபத்தைக் கிளீவ்லாண்ட் பாஸ்டனுக்கு மாற்றிவிட்டதுபோல. 1981இல் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை வேலைநிறுத்தத்தில் போனபோது சீசனை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியின் முதலிடத்தாரையும் அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். எல்லா அணிகளிலும் அதிக வெற்றி விகிதம் சின்சினாட்டி ரெட்ஸுக்கு; 66 வெற்றி, 42 தோல்வி. ஆனால் இரண்டு பாதியிலும் இரண்டாமிடம், எனவே வீட்டுக்கு. 1994 ஆகஸ்டில் எல்லாம் நின்று, வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. அப்போது 74 வெற்றியோடு முன்னால் நின்ற மாண்ட்ரீல் அணி அதன்பின் எழுந்திருக்கவே இல்லை, 2005இல் ஊரைவிட்டே போய்விட்டது. 2020இல் கொரோனா, ஜூலை 23இல் தொடங்கி 60 ஆட்டம்.

எனக்கு உறுத்துவது வேறு. அதிர்ஷ்டத்தை வடிகட்டத்தான் 162 என்றால், வடிகட்டிய பின் என்ன செய்கிறார்கள்? 1968 வரை இரண்டே அணி அக்டோபருக்குப் போனது. 1969இல் நான்கு, 1995இல் எட்டு, 2012இல் பத்து, 2022இலிருந்து பன்னிரண்டு. முதல் சுற்று மூன்றே ஆட்டம். ஆறு மாதம் அரித்துப் பிரித்ததை மூன்றே நாளில் கலைத்துப்போடுகிறார்கள். 2001இல் சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்து வேர்ல்ட் சீரிஸைப் பார்க்கவில்லை. 2006இல் செயின்ட் லூயிஸ் 83 மட்டும் ஜெயித்து வேர்ல்ட் சீரிஸையே வென்றது. 2023இல் அட்லாண்டாவின் 104 வெற்றியும் முதல் எதிரியிடமே கரைந்தது. 84 வெற்றி எடுத்த அரிசோனா இறுதி வரை போனது. டிவிக்காரர்களுக்கு இதுதான் வேண்டும், தெரிகிறது.

அதோடு 163ஐயும் கொன்றுவிட்டார்கள். இரண்டு அணிகள் 162 முடிவில் சமமாக நின்றால் இன்னோர் ஆட்டம், ஒரே ஆட்டம், வைத்துத் தீர்ப்பார்கள். 1978இல் பாஸ்டனில் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன்னை அந்த ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. அதெல்லாம் 163. 2018இல் ஒரே நாளில் இரண்டு நடந்தன. 2022 முதல் அது இல்லை. சமமாக வந்தால் ஒருவரோடொருவர் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

154க்கே திரும்பலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். வீரர்களுக்கு ஓய்வு கிடைக்கும், ஏப்ரல் குளிரும் நவம்பர் குளிரும் தப்பும். பிறகு யாராவது பெருக்கிப் பார்ப்பார்கள்: அணிக்குச் சொந்த ஊரில் நான்கு ஆட்டம், மொத்தம் 120 ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு, டிவி, பீர், வண்டி நிறுத்தும் கட்டணம். பேச்சு அடங்கிவிடும். இதே கணக்கை வேறு விதமாக முடித்த நாடும் இருக்கிறது. தென்கொரியாவின் லீக் 2015இல் பத்து அணியானது. ஒன்பது எதிரணி, 1961இல் அமெரிக்கர்கள் முன் இருந்த அதே கேள்வி. கொரியர்கள் ஒன்பது பதினாறு என்று 144இல் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த திருப்பமும் கண்ணுக்குத் தெரிகிறது. அணிகளை 32 ஆக்க விரும்புவதாகக் கமிஷனர் ராப் மான்ஃபிரெட் பல முறை சொல்லியிருக்கிறார். லீக்குக்குப் பதினாறு, டிவிஷனுக்கு நான்கு என்றால் பழைய பங்கீடு ஒன்றும் செல்லாது. ஒரு தாளை எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். சொந்த டிவிஷனின் மூன்று அணிகளோடு 14 வீதம் 42. லீக்கின் மற்ற பன்னிரண்டோடு 6 வீதம் 72. எதிர் லீக்கின் பதினாறோடு 3 வீதம் 48. கூட்டிப் பார்த்தால் 162.